சத்தியாக்கிரகம் என்னும் சொல்

நாள்தோறும் மக்கள் நாவில் வழங்கும் சொற்களுள் பெரும்பாலானவற்றிற்குப் பிறந்த நாள் தெரியாது. நீரை 'நீர்' என்று முதன்முதல் அழைத்தவர் யாவர்? மலைக்கு 'மலை' என்று பெயரிட்டவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை கூறுவார் இலர். ஆயினும், மிகச் சில சொற்களுக்குப் பிறந்த ஊர் உண்டு. பிறந்த ஆண்டு உண்டு. பெயர் சூட்டியவர் இன்னார் என்பதும் தெரியும். அத்தகைய சொற்களுள் ஒன்று 'சத்தியாக்கிரகம்' என்பது. இந்தியரின் சொல்லாயினும் அஃது இந்திய மண்ணில் பிறந்ததன்று. கடல் கடந்து, தென்னாப்பிரிக்காவில், ஒரு செய்தித்தாளின் பக்கத்தில் பிறந்தது.

அஞ்சாது எதிர்த்து நிற்றலைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. மறம், தறுகண், வன்கண், ஆண்மை எனப் பல சொற்கள் பழந்தமிழ் நூல்களிற் பயில்கின்றன. பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டுக்குரிய நிலைக்களங்களைக் கூறவந்த தொல்காப்பியனார், கல்வியோடும் புகழோடும் கொடையோடும் தறுகண்மையையும் ஒருங்கு வைத்து எண்ணினார். அஞ்சாமையைக் கல்விக்கும் கொடைக்கும் இனமாக வைத்த அருமை எண்ணி மகிழத்தக்கது. எனினும் இச்சொற்களைக் கேட்டவுடன் வேலும் வாளும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. படைக்கலம் ஏந்தாதவனும், பகைவனை வெறுக்காதவனும், அதே வேளையில் அடிபணியாதவனும் ஆகிய ஒருவனுடைய எதிர்ப்பை எச்சொல்லாற் குறிப்பது? 1906ஆம் ஆண்டில் இவ்வினா ஒரு சிறு மக்கட் கூட்டத்தின் முன் எழுந்தது.

தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் என்னும் நாட்டை அந்நாளில் ஆங்கிலேயர் ஆண்டனர். அங்கே வணிகத்தின் பொருட்டும் உழைப்பின் பொருட்டும் சென்று குடியேறிய இந்தியர் ஏறத்தாழ 13,000 பேர் இருந்தனர். 1906 ஆகஸ்டு 22ஆம் நாள், அவ்வரசாங்கத்தின் இதழில் ஒரு சட்டத்தின் முன்வரைவு வெளிவந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட இந்தியர் ஒவ்வொருவரும், ஆணாயினும் பெண்ணாயினும், தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். பத்து விரல்களின் பதிவையும் தருதல் வேண்டும். பதிவுச் சீட்டை எப்பொழுதும் உடன்கொண்டு திரிந்து, காவலர் கேட்டபொழுதெல்லாம் காட்டுதல் வேண்டும். தவறினால் தண்டம், சிறை, நாடுகடத்தல் என்பன அதன் விதிகள். விரற்பதிவு அந்நாளில் குற்றவாளிகளிடம் பெறப்பட்ட ஒன்று. குற்றம் யாதும் செய்யாத மக்களை, இன்ன நாட்டிற் பிறந்தனர் என்பது பற்றியே குற்றவாளிகளாக எண்ணும் சட்டம் அது.

அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் நாள், ஜோகானஸ்பர்க் நகரத்து எம்பயர் நாடகக் கொட்டகையில் இந்தியர் பெருந்திரளாகக் கூடினர். கூட்டத்தின் தலைவர் அப்துல் கனி என்னும் வணிகர். தீர்மானங்கள் பல இருந்தன. அவற்றுள் நான்காவதே உயிரானது. சட்டம் நிறைவேறினும் அதற்குப் பணிவதில்லை, அதனால் விளையும் துன்பம் அனைத்தையும் ஏற்பது என்பதே அது. அதனை ஆதரித்துப் பேசிய சேட் ஹாஜி ஹபீபு என்னும் முதியவர், உணர்ச்சி மேலிட்டு, இறைவன் சான்றாக இத்தீர்மானத்தை நிறைவேற்றுவோம் என்றார். மேடையில் இருந்த காந்தியடிகள் திடுக்கிட்டார். தீர்மானம் நிறைவேற்றுதல் வேறு, ஆணையிடுதல் வேறு. கை தூக்கிய தீர்மானத்தை மறுநாள் மாற்றலாம். இறைவன் பெயரால் இட்ட ஆணையை மாற்றுதல் இயலாது. இவ்வேறுபாட்டை அவர் கூட்டத்தார்க்கு விளங்க உரைத்தார். சிறை, பசி, அடி, பொருளிழப்பு, உயிரிழப்பு ஆகிய எல்லாம் நேரலாம் என்று ஒளியாமல் எடுத்துக் கூறினார். பிறர் அனைவரும் கைவிட்டாலும் தனியே நிற்க வல்லவர் மட்டுமே ஆணையிடுக என்றார். அனைவரும் எழுந்து நின்று கை உயர்த்தி ஆணையிட்டனர். மறுநாள் அக்கொட்டகை தீப்பற்றி எரிந்து போயிற்று. சட்டமும் இங்ஙனமே எரிந்தொழியும் என்பதற்கு இது நன்னிமித்தம் என்று சிலர் மகிழ்ந்து வந்து கூறினராம். காந்தியடிகள் நிமித்தங்களில் நம்பிக்கை வைத்தவர் அல்லர்.

செயல் பிறந்துவிட்டது, பெயர் இன்னும் பிறக்கவில்லை. இந்தியர் மேற்கொண்ட இப்புதிய முறையைத் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்' என்று அழைத்தனர். அமைதியான எதிர்ப்பு என்று அதனைப் பெயர்த்துக் கூறலாம். அச்சொற்றொடர் அந்நாளில் இங்கிலாந்தில் நன்கு வழங்கியது. 1902ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தை விரும்பாத கிறித்தவப் பிரிவினர் சிலர், தமக்கு உடன்பாடில்லாத பள்ளிகளின் பொருட்டு வரி கொடுக்க மறுத்தனர். அவர்தம் உடைமைகள் பறிக்கப்பட்டன. வாக்குரிமை கோரிய பெண்டிரின் கிளர்ச்சியையும் அதே பெயரால் சுட்டினர். அக்கிளர்ச்சியில் பலகணிகளை உடைத்தலும் கட்டடங்களுக்குத் தீயிடுதலும் பின்னர்க் கலந்தன.

அவ்வாங்கிலத் தொடரின் வேர்களை நோக்கின் ஒரு வியப்புத் தோன்றும். முதற்சொல், துன்புறுதல் எனப் பொருள்படும் ஓர் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. பொறுமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதுவே தாய். இரண்டாம் சொல்லின் வேர், எதிர்த்து நிற்றல் என்னும் பொருளது. ஆகவே, துன்பந்தாங்கி எதிர்நிற்றல் என்பதே அத்தொடரின் வேர்ப்பொருள் ஆகும். ஆயின் சொற்கள் வேர்ப்பொருளோடு நின்றுவிடுவதில்லை. வழக்கில் அம்முதற்சொல் செயலற்றிருத்தலைக் குறிப்பதாய்த் தேய்ந்துவிட்டது. நாற்றம் என்னும் தமிழ்ச்சொல் நறுமணத்தைக் குறித்த காலம் போய், தீய மணத்தைக் குறிக்கும் காலம் வந்ததன்றோ? அதுபோல்வது இது.

இத்தேய்வினால் விளைந்த தீங்கு ஒரு கூட்டத்தில் வெளிப்பட்டது. ஜெர்மிஸ்டன் என்னும் ஊரில் ஐரோப்பியர் கூடிய கூட்டம் அது. இந்தியர் நிலையை விளக்கக் காந்தியடிகள் அழைக்கப்பட்டிருந்தார். இந்தியரிடத்துப் பரிவுடைய ஹோஸ்கன் என்னும் செல்வர் அவரை அறிமுகம் செய்து பேசினார். இந்தியர்க்கு வாக்குரிமை இல்லை, படைக்கலம் இல்லை, எண்ணிக்கையிலும் சிறியர், ஆதலின் வலியற்றோரின் கருவியாகிய இவ்வெதிர்ப்பை மேற்கொண்டனர் என்பது அவர் கூற்று. நண்பர் நன்மை கருதியே பேசினார். எனினும் காந்தியடிகள் தாம் பேசக் கருதிச் சென்ற பொருளை ஒதுக்கிவிட்டு, இக்கூற்றை மறுப்பதிலேயே பேச்சைச் செலுத்தினார்.

அவர் மறுத்தது ஏன்? நண்பரின் சொல்லில் ஒரு கருத்து மறைந்து கிடக்கிறது. வலிமை கிடைத்தால் இவர்கள் படை எடுப்பார்கள். இன்று அது கிட்டாமையால் அமைதியாக இருக்கிறார்கள் என்பதே அக்கருத்து. இதனை எதிரி நம்பினால், அவன் உள்ளத்தில் ஐயமும் வெறுப்பும் ஓங்கும். இதனைப் போராடுவோர் நம்பினால், அதனினும் பெருந்தீங்கு. தம்மைத் தாமே எளியர் என்று எண்ணும் மக்கள் முதல் அடி விழும்பொழுதே கலைந்து போவர், அல்லது கல்லெடுத்து எறிவர். பெயர், வெறும் அடையாளமாக நில்லாமல், அப்பெயரைத் தாங்குவோரின் நடக்கையையும் உருவாக்குகிறது. இதுவன்றி வேறொரு குறையும் இருந்தது. குசராத்தியும் தமிழும் இந்தியும் உருதுவும் பேசும் எளிய மக்கள் உயிரைப் பணயம் வைத்து நடத்தும் போர்க்கு, அவருள் பலர் நாவில் நுழையாத ஆங்கிலப் பெயர் ஒன்றே இருப்பது நாணத்தக்கது என்று காந்தியடிகள் கருதினார்.

'இந்தியன் ஒப்பீனியன்' என்னும் வார இதழ் 1903ஆம் ஆண்டில் டர்பன் நகரில் தோன்றியது. தொடக்கத்தில் ஆங்கிலம், குசராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் அது வெளிவந்தது என்பது தமிழ் மாணவர் அறிந்து மகிழத்தக்க செய்தி. அடுத்த ஆண்டில் அதன் அச்சகம் டர்பனுக்கு அணித்தாகிய பீனிக்ஸ் குடியிருப்புக்கு மாறியது. 1907ஆம் ஆண்டின் இறுதியில், போராட்டத்திற்குத் தக்க பெயர் ஒன்றை அனுப்புவோர்க்குச் சிறு பரிசு அளிக்கப்படும் என்று காந்தியடிகள் அவ்விதழில் அறிவித்தார். சட்டம் அவ்வாண்டு சூலை முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. பதிவு செய்துகொள்ளக் கொடுத்த தவணைகள் எல்லாம் கழிந்தும், 13,000 பேருள் ஏறத்தாழ 500 பேரே பதிவு செய்துகொண்டிருந்தனர். தலைவர்களைச் சிறையிலிட அரசாங்கம் முனைந்து நின்ற நேரம் அது. அந்நெருக்கடியிலும் ஒரு சொல்லைத் தேடிப் போட்டி நடத்தினார் என்றால், சொல்லின் அருமையை அவர் எத்துணை உணர்ந்திருந்தார் என்பது விளங்கும்.

பீனிக்ஸ் குடியிருப்பில் வாழ்ந்த மகன்லால் காந்தி, காந்தியடிகட்கு மகன் முறையாகும் உறவினர். அவர் அனுப்பிய சொல் 'சதாக்கிரகம்' என்பது. 'சத்' என்பதும் 'ஆக்கிரகம்' என்பதும் சேர்ந்த தொடர் அது. நல்லதனைப் பற்றி உறுதியாக நிற்றல் என்பது அதன் பொருள். காந்தியடிகட்கு அது பிடித்தது. பரிசும் அதற்கே கிடைத்தது. ஆயினும், தாம் கருதிய பொருள் முழுவதும் அதில் அடங்கவில்லை என்று கண்டு, அவர் அதனைத் திருத்திச் 'சத்தியாக்கிரகம்' என்று ஆக்கினார். 1908 சனவரியில் அச்சொல் இதழில் அச்சேறியது. அதே மாதம் 10ஆம் நாள் நீதிமன்றம் காந்தியடிகட்கு இரண்டு திங்கள் சிறைத்தண்டம் விதித்தது. சொல்லைச் செப்பம் செய்தவர் அச்சொல் பரவத் தொடங்குமுன்னரே சிறை புகுந்தார்.

திருத்தம் சிறிதாகத் தோன்றலாம். இலக்கணக் கண்கொண்டு நோக்குவார்க்கு அதன் நயம் புலப்படும். 'சதாக்கிரகம்' என்பதனைச் 'சத்' என்றும் 'ஆக்கிரகம்' என்றும் பிரிக்கலாம். 'சதா' என்றும் 'ஆக்கிரகம்' என்றும் பிரிக்கலாம். பின்னதாயின், எப்பொழுதும் பிடிவாதம் செய்தல் என்று பொருள்பட்டுவிடும்! 'சத்தியம்' என்பதனை முன்வைத்தால் இம்மயக்கத்திற்கு இடமில்லை. 'சத்திய' என்பதன் ஈற்று அகரமும், 'ஆக்கிரகம்' என்பதன் முதல் ஆகாரமும் கூடி ஓர் ஆகாரமாயின. வடமொழியார் இதனைத் தீர்க்கசந்தி என்பர்.

இனி, அவ்விரு சொற்களின் பொருளைக் காண்போம். 'சத்' என்பதற்கு 'உள்ளது' என்பது முதற்பொருள். என்றும் உள்ளதே சத்தியம், இல்லாதது பொய். தமிழிலும் இவ்வாறே சொல் அமைந்திருத்தல் பெருவியப்புத் தருவதாம். 'உள்' என்னும் அடியோடு 'மை' விகுதி சேர்ந்து 'உண்மை' ஆயிற்று. உளதாந்தன்மையே உண்மை. இரு மொழியினரும், உள்ள பொருளையும் மெய்யுரையையும் ஒரே வேரினாற் குறித்தனர். உண்மை, வாய்மை, மெய்மை என்னும் மூன்றையும் முறையே உள்ளத்தொடும் வாயொடும் மெய்யொடும் பொருத்தி உரைப்பது தமிழ்ப் புலவர் மரபு. உடம்பினால் துன்பமேற்று நிலைநாட்டும் சத்தியத்திற்கு இம்மூன்றனுள் 'மெய்மை' என்பதே மிகப் பொருந்தும் போலும்.

'ஆக்கிரகம்' என்பதன் வேர், பற்றுதல் என்னும் பொருளது. இவ்வேரிலிருந்து கிளைத்த சொற்கள் தமிழ் வழக்கிற் பல உள. ஞாயிற்றையும் திங்களையும் பாம்பு பற்றுவதாகக் கருதிய முன்னோர் அதனைக் 'கிரகணம்' என்றனர். மணமகன் மணமகளின் கையைப் பற்றுதல் 'பாணிக்கிரகணம்'. பலவற்றை ஒருங்கே பற்றித் தொகுத்தல் 'சங்கிரகம்'. விடாது பற்றுதல் 'ஆக்கிரகம்'. தமிழில் இதற்கு நேரான சொல் தேடுவார்க்குக் 'கடைப்பிடி' என்பது கைகொடுக்கும். கடைவரையில் விடாது பிடித்தல் என்பதே அதன் பொருள். தெலுங்கு மொழியிலோ இச்சொல் சினத்தைக் குறிக்கும். உறுதி சிறிது வழுவினால் சினமாகிவிடும் என்பதற்கு அம்மொழி வழக்கே சான்று எனலாம்.

சினத்திற்கு இடங்கொடாமை சத்தியாக்கிரகத்தின் உயிர்நிலை. சத்தியம் என்னும் சொல்லில் அன்பும் அடங்கும் என்றும், ஆக்கிரகம் என்பது வலிமையைத் தரும் என்றும் காந்தியடிகள் தாமே விளக்கம் எழுதினார். சொல் பிறந்த மறுமாதமே இவ்விளக்கத்திற்கு ஒரு சோதனை வந்தது. சனவரி 30ஆம் நாள் காலனிச் செயலாளராகிய ஸ்மட்ஸ் என்பாரோடு ஓர் உடன்பாடு உண்டாயிற்று. இந்தியர் தாமாகவே பதிவு செய்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்பது அவ்வுடன்பாடு என்று காந்தியடிகள் கொண்டார். தம்மவரை விலைக்கு விற்றுவிட்டார் என்று ஐயுற்ற பட்டாணியர் சிலர், பிப்ரவரி 10ஆம் நாள், முதற்பதிவு செய்துகொள்ளச் சென்ற அவரை வழிமறித்துத் தடியால் அடித்து வீழ்த்தினர். அவருள் தலையாயவன் மீர் ஆலம் என்பான். முன்பு காந்தியடிகளிடம் பலமுறை அறிவுரை கேட்க வந்தவன். நினைவு திரும்பியதும் காந்தியடிகள் வினவியது, மீர் ஆலம் எங்கே என்பதே. அவன் சரியென்று எண்ணியதையே செய்தான். அவன்மேல் வழக்குத் தொடுத்தல் வேண்டா என்றார். நகரத்து ஐரோப்பியர் அதற்கு இசையவில்லை. மீர் ஆலம் சிறை சென்றான்.

அரசாங்கம் சட்டத்தை நீக்கவில்லை. 1908 ஆகஸ்டு 16ஆம் நாள், ஜோகானஸ்பர்க் ஹமீதியா பள்ளிவாசலின் வெளியிலே இந்தியர் திரண்டனர். மூன்று காலுடைய பெரிய இரும்புக் கொப்பரை ஒன்று அங்கு வைக்கப்பட்டது. தாமாக முன்வந்து பெற்ற பதிவுச் சீட்டுகள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றை அதில் இட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தனர். அன்று அக்கூட்டத்திற்கு மீர் ஆலமும் வந்திருந்தான். தான் செய்தது தவறு என்று கூறித் தன் சீட்டையும் கொடுத்தான். காந்தியடிகள் அவன் கையைப் பற்றிக்கொண்டார்.

சொல்லைப் பிரித்தும் புணர்த்தும் பொருள் காண்பது கற்றோர் செயல். அச்சொல்லைத் தம் உடம்பினால் தாங்கியவருட் பெரும்பாலோர் கல்லாத ஏழைகள். அவருள்ளும் தமிழர் மிகப் பலர். நேட்டால் நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு 1860ஆம் ஆண்டு முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவரின் வழிவந்தோர் அவர். நாகப்பன் என்னும் இளைஞர் 1909ஆம் ஆண்டில் சிறையிடப்பட்டார். கடுங்குளிர்க் காலத்தில் விடியற்காலையே சாலை வேலைக்கு அனுப்பப்பட்ட அவர்க்கு நுரையீரல் நோய் பற்றியது. விடுதலை பெற்ற சின்னாளிலேயே, சூலைத் திங்களில் உயிர் நீத்தார். நாடுகடத்தப்பட்டுக் கப்பல்களில் அலைக்கழிக்கப்பட்ட நாராயணசாமி என்பார் 1910ஆம் ஆண்டில் டெலகோவா விரிகுடாவில் மாண்டார்.

1913ஆம் ஆண்டில் போராட்டம் மீண்டும் கனன்று எழுந்தது. கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் சட்டப்படி செல்லா என்று கேப் நாட்டு நீதிமன்றம் ஒன்று மார்ச்சுத் திங்களில் தீர்ப்புக் கூறியது. அத்தீர்ப்பின்படி இந்தியப் பெண்டிர் மனைவியர் என்னும் உரிமையையே இழந்தனர். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் ஆண்டுதோறும் மூன்று பவுன் தலைவரி செலுத்தவேண்டும் என்னும் பழைய சுமையும் இருந்தது. டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்த பெண்கள் பதினொருவர், ஒருவர் நீங்கலாக ஏனையோர் தமிழர், கைக்குழந்தைகளோடு எல்லை கடந்து நியூகாசில் என்னும் ஊரை அடைந்து, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலை நிறுத்தம் செய்ய அழைத்தனர். ஆயிரக்கணக்கானோர் சுரங்கத்தை விட்டு வெளியேறினர். நவம்பர் 6ஆம் நாள் காலையில், ஆடவர் 2,037 பேரும் பெண்டிர் 127 பேரும் குழந்தைகள் 57 பேரும் சார்லஸ்டவுன் என்னும் எல்லையூரிலிருந்து நடக்கத் தொடங்கினர். ஆளுக்கு ஒன்றரைப் பவுண்டு ரொட்டியும் சிறிது சர்க்கரையுமே நாளுணவு. வழியில் இரு பச்சிளங்குழந்தைகள் இறந்தன; ஒன்று குளிர் வெயிலின் கொடுமையால், மற்றொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையினின்று நழுவி நீரில் வீழ்ந்து. தாயர் இருவரும் நடையை நிறுத்தவில்லை.

வள்ளியம்மை என்னும் சிறுமியைப் பற்றித் தமிழ்நாட்டு மாணவர் கேள்வியுற்றிருப்பர். பெற்றோர் வழியில் தில்லையாடி என்னும் ஊரைச் சார்ந்தவர், பிறந்தது ஜோகானஸ்பர்க்கில். கடுங்காவல் தண்டம் பெற்றுச் சிறையில் கொடுங்காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாய் வெளிவந்தார். சிறை சென்றதற்காக வருந்துகின்றாயா என்று காந்தியடிகள் வினவினார். வருத்தம் இல்லை, இன்னொரு முறையும் செல்வேன் என்பதே விடையாக வந்தது. 1914 பிப்ரவரி 22ஆம் நாள் அவர் மறைந்தபோது அகவை பதினாறு. அவ்வாண்டின் நடுவில் இந்தியர் துயர்தீர்ப்புச் சட்டம் நிறைவேறியது, தலைவரி ஒழிந்தது, திருமணங்கள் செல்லுபடியாயின. 1915ஆம் ஆண்டில் இந்தியா திரும்பியிருந்த காந்தியடிகள் தில்லையாடிக்கு வந்து சென்றார்.

அவரோடு அச்சொல்லும் தாய்நாடு புகுந்தது. புகுந்தபின், எல்லா எதிர்ப்பையும் சத்தியாக்கிரகம் என்று அழைக்கும் வழக்கமும் தோன்றலாயிற்று. ஆதலின் காந்தியடிகள் மற்றொரு சொல்லையும் எடுத்து வழங்கினார்; 'துராக்கிரகம்' என்பது அது. தீயதைப் பற்றி நிற்பதும், நல்லதையே தீய வழியில் பற்றி நிற்பதும் துராக்கிரகமாம். இரண்டிற்கும் பிடி ஒன்றே. துன்பம் யார்மேல் விழுகின்றது என்பதில் வேறுபாடு காணலாம். முன்னதில் பற்றியவனே துன்பத்தை ஏற்கின்றான், பின்னதில் பிறர்மேல் ஏற்றுகின்றான். இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தால், அப்பெயர் தாங்கிய கிளர்ச்சிகள் சில மாற்றுக் குறைந்தே காணும்.

தமிழர் இச்சொல்லை அப்படியே ஏற்றதோடு, 'அறப்போர்' என்று பெயர்த்தும் வழங்கினர். அறப்போர் என்னும் கருத்துப் பழையது. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அம்பு விடுமுன் பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்டிரையும் பிணியுடையோரையும் புதல்வரைப் பெறாதோரையும் காப்பிடம் சேருமாறு அறிவிக்கும் அம்மன்னனின் அறநெறியைப் புறநானூற்றுப் பாட்டொன்றிற் போற்றுகின்றார். அங்கே அறம், அம்புக்கு எல்லை வகுத்தது. புதிய வழக்கிலோ அம்பே இல்லை, அறமே படையாயிற்று. பழஞ்சொல்லொன்று இங்ஙனம் புதுப்பொருள் பூண்டு நிற்றல் மொழிக்கு வளமே ஆகும்.

1930ஆம் ஆண்டில் உப்புச் சத்தியாக்கிரகம் நாடெங்கும் பரவியது. இராசகோபாலாச்சாரியார், ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியினின்று ஏறத்தாழ 100 தொண்டரோடு புறப்பட்டு, காவிரிக்கரை ஊர்கள் வழியாக நடந்து வேதாரணியம் சேர்ந்தார். அம்மாத இறுதியில் அங்கே உப்பு அள்ளிச் சிறை புகுந்தார். அதே காலத்தில் குசராத்துக் கடற்கரையில், தொண்டர் கையிற் பற்றியிருந்த உப்பைக் காவலர் விரல்களைப் பிரித்துப் பறிக்க முற்பட்டனர். மணிக்கட்டு நொறுங்கினும் நொறுங்குக, கையைத் தாமாக விரித்துக் கொடுத்தல் ஆகாது என்று காந்தியடிகள் அவர்க்கு அறிவுறுத்தினார். காவலரைத் திருப்பி அடித்தலும் ஆகாது. ஆக்கிரகம் என்பதன் வேர்ப்பொருளை அகராதியிற் கண்டறியாத சிற்றூர் மக்கள், மூடிய கைக்குள் ஒரு பிடி உப்போடு மணலில் அமர்ந்திருந்தனர்.